அம்மாவின் பகல் பொழுது: டொராண்டோ, கால்கரி, வின்னிபெக்

கனடாவுக்குக் குடிபெயரவிருக்கும் எங்கள் குடும்பத்தில் நான்கு பேர் வேலை, பள்ளி என்று காலையிலேயே வெளியே போய்விடுவோம். ஐந்தாமவரான அம்மா மட்டும் வீட்டில் இருப்பார். எழுபதைக் கடந்த அவர் கார் ஓட்டத் தெரியாதவர் என்றாலும், கோலாலம்பூரின் செந்தூலில் இன்றும் தாமாகவே நடந்து சந்தைக்கும் கோவிலுக்கும் போய் வருகிறார். சம்பளத்தையும் வெப்பநிலையையும் வைத்துப் பல மாதங்கள் கணக்குப் போட்டபின், அம்மாவின் பகல் எந்த ஊரில் எப்படிக் கழியும் என்பதையே முதல் அளவுகோலாகக் கொள்வது என்று முடிவு செய்தேன்.

ஜனவரியில் கடுங்குளிர் இல்லாத ஊர் வேண்டுமென்றால் வான்கூவர் இருக்கிறது. ஆனால் அங்குள்ள வாடகையைப் பார்த்ததும் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் ஒரே இரவில் முடிந்துவிட்டது. எஞ்சிய மூன்றில், ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை டொராண்டோவில் மைனஸ் 4 பாகையையும், கால்கரியில் மைனஸ் 7 பாகையையும், வின்னிபெக்கில் மைனஸ் 16 பாகையையும் ஒட்டி நிற்கிறது. இந்த எண்களை மட்டும் நம்புவதில் ஒரு சிக்கல் உண்டு. கால்கரியில் ராக்கி மலைகளைத் தாண்டி இறங்கும் சினூக் என்னும் உலர்ந்த வெப்பக்காற்று சில மணி நேரத்திலேயே வெப்பநிலையை இருபது பாகைகூட உயர்த்திவிடும். நடு ஜனவரியில் பனி உருகி ஓடும் நாள்கள் அங்கே புதுமையல்ல. சமவெளியில் அமைந்த வின்னிபெக்குக்கு அத்தகைய இடைவேளை கிடையாது. காற்றோடு சேர்த்து உணரப்படும் குளிர் மைனஸ் 28 பாகைக்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறைந்துபோகக்கூடும் என்பதால், பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பதே அங்கு ஒரு முதியவருக்கு ஆபத்தாகிவிடுகிறது.

குளிரைவிட நான் அஞ்சுவது வழுக்கலைத்தான். ஒரு முறை இடுப்பெலும்பு முறிந்தால் அம்மாவின் சுதந்திரம் அன்றோடு போய்விடும். டொராண்டோவில் பெரும்பாலான நடைபாதைகளின் பனியை நகராட்சி இயந்திரங்களே அகற்றுகின்றன. கால்கரியிலோ, பனிப்பொழிவு நின்ற 24 மணி நேரத்துக்குள் வீட்டின் முன்னுள்ள நடைபாதையை வீட்டுக்காரரே துப்புரவாக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு தெருவில் எத்தனை பேர் அதை ஒழுங்காகச் செய்கிறார்களோ, அத்தனை வாசல் வரைதான் நிம்மதியாக நடக்கலாம். பரந்து விரிந்த கால்கரியின் புறநகரில் கார் இல்லாதவர் பெரும்பாலும் வீட்டிலேயே முடங்க நேரும்.

பணக் கணக்கில் கால்கரியின் கை ஓங்கியிருப்பதை மறுக்க முடியாது. அது அமைந்துள்ள ஆல்பர்ட்டாவில் மாகாண விற்பனை வரி கிடையாது. கூட்டரசின் 5 விழுக்காடு மட்டுமே. டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோவில் 13, வின்னிபெக் இருக்கும் மானிடோபாவில் 12 விழுக்காடு கட்ட வேண்டும். ஆயினும் அரிசி, பருப்பு போன்ற அடிப்படை மளிகைக்கு எங்குமே இந்த வரி இல்லை என்பதால், வித்தியாசம் காரிலும் கட்டில் மெத்தையிலும்தான் தெரியும். பொறியாளனான எனக்கு இன்னொன்றும் முக்கியம்: தொழில் உரிமத்தை ஒவ்வொரு மாகாணமும் தனித்தனியே வழங்குகிறது, ஒன்டாரியோ 2023இல் கனடிய வேலை அனுபவம் கட்டாயம் என்ற நிபந்தனையை நீக்கிவிட்டது. வீட்டு விலையில் மூன்றில் மலிவானது வின்னிபெக்தான். சொந்த வீட்டை முதல் இலக்காகக் கொண்ட இளம் தம்பதிக்கு அதையே பரிந்துரைப்பேன்.

டொராண்டோவில் எங்கள் சம்பளத்துக்கு முதலில் ஒரு பேஸ்மென்ட் (நிலத்தடித் தள) வீடுதான் கட்டுப்படியாகும். ஆனால் அது நகரின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் அமைந்தால், முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் விற்கும் தமிழ்க் கடைகளும் முருகன் கோவிலும் ஒரு பேருந்துப் பயணத்துக்குள் இருக்கும். 1983க்குப் பின் இலங்கையிலிருந்து வந்தவர்கள் உருவாக்கிய தமிழ்ச் சூழல் அது. “கதைக்கிறது” என்றால் பேசுவது என்று பழகிக்கொள்ள அம்மாவுக்கு ஒரு வாரம் ஆகலாம். நம் ஊர்த் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்குக்கு நாக்கு ஏங்குவதற்கு மருந்தும் அங்கே எளிதில் கிடைக்காது. கால்கரியிலும் வின்னிபெக்கிலும் தமிழர்கள் உண்டு. ஆனால் அவர்களைப் பார்க்க வார இறுதியில் யாராவது காரில் கூட்டிப்போக வேண்டும்.

அம்மா நிரந்தரவாசியாக அல்லாமல் பெற்றோர், தாத்தா பாட்டிக்கான சூப்பர் விசாவில் வருவதால், ஒரு முறை நுழைந்தால் 5 ஆண்டுகள் வரை தங்கலாம். ஆனால் குறைந்தது 1,00,000 கனடிய டாலருக்குத் தனியார் மருத்துவக் காப்புறுதி எடுத்தாக வேண்டும். மூன்று ஊருக்கும் இது பொதுவான செலவு என்பதால் ஒப்பீட்டை மாற்றவில்லை.

ஆகவே முதல் இரண்டு ஆண்டுகள் ஸ்கார்பரோ என்று தீர்மானித்திருக்கிறோம். உரிமம் கைக்கு வந்து, அம்மாவும் சம்மதித்தால், பிறகு கால்கரியை யோசிக்கலாம். பயணம் மே மாதத்தில். பனிக்காலணியைக் கோலாலம்பூர் பேரங்காடியில் வாங்காமல், அங்கே போய் அக்டோபரில் அம்மாவின் காலுக்குப் போட்டுப் பார்த்தே வாங்கப்போகிறோம்.