சம்ப்பில் ஒரு துளை: ராணிப்பேட்டை லேத் பட்டறை

ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் இருக்கும் அந்த லேத் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தோல் தொழிற்சாலை டிரம்களின் அச்சுகளும் பம்பு ஷாஃப்ட்டுகளும் வாசலில் கிடக்கும், அதுதான் அடையாளம். கார் வேலைக்கு அங்கே யாரும் போவதில்லை. நானும் வேறு வழியில்லாமல்தான் போனேன்.

என்னுடையது 2004ஆம் ஆண்டு மாருதி ஜிப்சி, 1298 சிசி பெட்ரோல் எஞ்சின். ஒடுகத்தூர் பக்கம் எங்கள் மாந்தோப்புக்குள் மட்டும் ஓடுகிறது. சாலையில் ஓட்டுகிற வண்டியாக இருந்தால் டர்போ ஆசையே, அதாவது புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் விசிறியை மாட்டும் ஆசையே, வந்திருக்காது. உற்பத்தியாளர் குறித்ததற்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது.

டர்போவை வேலூரில் ஒரு மெக்கானிக் பொருத்தினார். கிட்டோடு வந்த 10 மி.மீ. ஹோஸையே எண்ணெய் திரும்பும் குழாயாக வைத்து, அதன் மறுமுனையைச் சம்ப்பின் (எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டி) வடிகால் போல்ட் துளையில் மாட்டிவிட்டார். துளை போடும் வேலை மிச்சம் என்று இருவருக்கும் மகிழ்ச்சி. பத்தே நிமிடத்தில் சைலன்சரிலிருந்து நீலப் புகை. டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயைக் கழற்றினால் உள்ளே எண்ணெய். "டர்போ போய்விட்டது சார், வேறு வாங்குங்கள்" என்றார். டர்போவின் ஷாஃப்ட்டைக் கையால் அசைத்துப் பார்த்தேன். தேய்மானத்தைக் காட்டும் ஆட்டம் இல்லை, டர்போ நன்றாகத்தான் இருந்தது.

டர்போவின் ஷாஃப்ட் தேயாமலிருக்க எஞ்சின் எண்ணெய் அதற்குப் போவது பம்பின் அழுத்தத்தால். அதற்கு மெல்லிய குழாயே போதும். திரும்பி வருவது தன் எடையால் மட்டும்தான். அதுவும் நிமிடத்துக்கு லட்சம் சுற்றைத் தாண்டும் ஷாஃப்ட்டில் அடிபட்டு, காற்றும் கலந்து, நுரையாக வருகிறது. கஞ்சி வடிப்பவர்களுக்குத் தெரியும், நுரை சின்ன வழியில் இறங்காது. என் வண்டியிலோ குழாயும் சின்னது, அதன் வாய் எண்ணெய்க்குள் மூழ்கியும் இருந்தது. டர்போவின் ஷாஃப்ட்டில் ரப்பர் சீல் கிடையாது, பிஸ்டன் ரிங் போன்ற வளையங்கள்தான். உள்ளே எண்ணெய் தேங்கினால் அவற்றைத் தாண்டி இரு பக்கமும் கசியும். பழி டர்போமேல் விழுந்தது.

பெரிய குழாய்க்கு எண்ணெய் மட்டத்துக்கு மேலே வேறு துளை போட, சம்ப்பைக் கழற்றிக் கோணிப்பையில் போட்டு பஸ் ஏறினேன். நடத்துநர் லக்கேஜ் டிக்கெட் போட்டார். பட்டறைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "எண்ணெய் எந்த மட்டத்தில் நிற்கும், தம்பி?" எனக்குத் தெரியவில்லை. "அளந்துகொண்டு வாருங்கள். அதுவரை டிரில்லைத் தொட மாட்டேன்."

மறுநாள் வண்டிக்கு அடியில் படுத்து, எண்ணெய் மட்டம் காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை முழுவதும் செருகி, சம்ப் வந்து பொருந்தும் எஞ்சின் பிளாக்கின் அடிமுகத்திலிருந்து கம்பியின் மேல்கோடு வரை அளந்தேன்: 50 மி.மீ. துளையின் மையம் சம்ப்பின் மேல்விளிம்பிலிருந்து 24 மி.மீ. ஆழத்தில் வரட்டும் என்று அவர் முடிவு செய்தார். 16 மி.மீ. துளையின் கீழ்விளிம்புகூட எண்ணெய்க்கு மேல் 18 மி.மீ. உயரத்தில் நிற்கும்.

அவர் கைவேலையை நின்று பார்த்தேன். துளை சம்ப்பின் மேல்விளிம்புக்கு நெருக்கமாக வருகிறது. வெல்டிங் சூட்டில் விளிம்பு வளைந்தால் பிறகு எந்த கேஸ்கெட்டும் நிற்காது. அதனால் முதலில் விளிம்பு முழுவதையும் ஒரு கனத்த இரும்புப் பலகையில் போல்ட் போட்டு இறுக்கினார். குழாய்முனையை லேத்தில் கடைந்து, நாலு இடத்தில் புள்ளி வைத்து, சூடு ஆற விட்டு விட்டுப் பற்றவைத்தார். பிறகு வெளிப்புறம் சுண்ணாம்பு பூசி, உள்ளே மண்ணெண்ணெய் நிற்கும்படி சாய்த்து இரவு முழுவதும் வைத்தார். காலையில் சுண்ணாம்பில் ஊசிமுனை அளவுக்கு ஒரு கறை. அந்த இடத்தை அரைத்துவிட்டு மறுபடி பற்றவைத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

கிட்டில் வந்த ஹோஸைக் கையில் வாங்கி, "இது தண்ணீர் ஹோஸ்" என்று ஓரமாக எறிந்தார். எண்ணெய் தாங்கும் 16 மி.மீ. ஹோஸைப் பக்கத்து ஹைட்ராலிக் கடையில் வாங்கினேன். நேர் கீழாக இறங்குவதிலிருந்து 35 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது என்பது கணக்கு. எனக்கு 25 டிகிரியில் அமைந்தது. எக்ஸாஸ்ட் அருகே போகும் பகுதிக்குக் கண்ணாடி இழை உறை போட்டேன். மரையில் டெஃப்லான் டேப் சுற்றவில்லை. அதன் துணுக்கு உள்ளே போய் வழியை அடைத்தால் பழைய கதைதான்.

குறையும் உண்டு. செவ்வாய்க்கிழமை என்று சொன்ன வேலை வெள்ளிக்கிழமைதான் கிடைத்தது. போனை எடுக்கவே மாட்டார். பில் கேட்டால் சிகரெட் அட்டையின் பின்புறம் எழுதித் தருகிறார். கூலி 1,600 ரூபாய். வேறு டர்போ வாங்கியிருந்தால் எத்தனை ஆயிரம் போயிருக்குமோ!

அதே டர்போதான் ஓடுகிறது. தோப்பின் மேட்டை இரண்டாவது கியரில் ஏறும்போதும் புகை இல்லை, இன்டர்கூலர் குழாய் உள்ளே காய்ந்திருக்கிறது.

போகிறவர்கள் சம்ப்பை டீசலில் நன்றாகக் கழுவித் துடைத்து எடுத்துப் போங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு கொண்டுபோனால் கையால் தொட மாட்டார், வாசலிலிருந்தே திருப்பி அனுப்பிவிடுவார்.