ஊவாச் சரிவில் பழமரக் கன்று: குழிக்குள் இடுவதா, மேலே பரப்புவதா?

இலங்கையின் ஊவா மாகாணத்தில் பண்டாரவளை, வெலிமடை, பசறைப் பகுதிகளில் ஐப்பசி மழையை நம்பி நடப்படும் ஆனைக்கொய்யாவுக்கும் தோடைக்கும் உண்மையான சோதனை அடுத்த ஆனி முதல் ஆவணி வரை வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்குச் சரிவுகளில் பெய்துவிட்டு, ஊவாப் பக்கம் உலர்காற்றாக இறங்கும் காலம் அது. அந்தக் காற்றைத் தாங்குவதற்கென்று மண்ணில் சேர்க்கச் சொல்லப்படும் பொருட்கள் பல இருந்தாலும், அவை எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை.

தென்னந்தும்புத் தூள் தன் எடையைப்போல் பல மடங்கு நீரைப் பிடித்துவைக்கும் என்பது மெய்தான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே குணம் பகையாகிறது: களிப்பாங்கான மண்ணில் வெட்டிய குழியைத் தும்புத் தூளால் நிரப்பினால், நீர் வடியாத தொட்டியாக அது மாறி, ஆனைக்கொய்யாவின் வேரழுகலுக்கு வழிசெய்கிறது. கழுவாத தூளில் உப்பும் இருக்கும். மக்காத தூளோ மண்ணிலுள்ள நைதரசனையும் தற்காலிகமாக இழுத்துக்கொள்ளும்.

உமிக்கரி இதற்கு நேர்மாறானது. நீரைப் பிடிக்கும் திறன் குறைவென்றாலும் மண்ணை இளக்கிக் காற்றோட்டம் தருகிறது, எளிதில் சிதைவதில்லை, சிறிது காரத்தன்மையும் உடையது. சத்து என்று பார்த்தால் அதில் அதிகமில்லை; ஆகவே அதைத் தனியாக இடுவதைவிட மாட்டெருவுடன் ஊறவைத்து இடுவதே பொருத்தம். நீரை உறிஞ்சும் செயற்கைக் கூழ்மணிகளைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை: உப்பும் பசளையும் கலந்த நீரில் அவற்றின் கொள்ளளவு வெகுவாகக் குறைகிறது, விலையோ குறைவதில்லை.

பழைய தேயிலைக் காணியில் நடுபவர்கள் ஈரத்தைப் பற்றி யோசிக்குமுன் புளிப்பைப் பற்றி யோசிக்க வேண்டும். தேயிலைக்கு உகந்த 4.5 முதல் 5.5 வரையிலான அமிலநிலை (pH) பெரும்பாலான பழமரங்களுக்குக் கடுமையானது; அங்கே புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புவகைத் தூளான டொலமைட் இடாமல் எவ்வளவு கூட்டெரு போட்டாலும் வேர் தயங்கும். டொலமைட்டையும் புதிய மாட்டெருவையும் ஒன்றாகக் கலந்தால் நைதரசன் அமோனியாவாகப் பறந்துவிடும் என்பதால், நடுவதற்குச் சில வாரங்கள் முன்பே டொலமைட்டை மண்ணில் கலப்பது நல்லது.

நன்கு மக்கிய கூட்டெருவே குழிக்குள் இடத் தகுந்தது என்பது என் கருத்து, அதுவும் அளவோடு. குழி முழுவதும் எருவானால் அது மக்கி அமிழும்போது கன்றும் சேர்ந்து தாழும். வேரும் சுற்றியுள்ள கடினமான மண்ணுக்குள் போக மறுக்கும். வெட்டிய மேல்மண்ணையே பெரும்பங்காகத் திரும்ப இட்டு, மிச்ச எருவை மேலே பரப்புவது மேல்.

மேலே பரப்புவதில், மலைச்சரிவில் உயரமாக வளரும் மானாப்புல்லுக்கு ஈடாக இங்கே வேறொன்றைச் சொல்லத் தோன்றவில்லை. அது காற்று ஈரத்தை உறிஞ்சாமல் தடுப்பதோடு, சரிவில் மேல்மண் கழுவப்படுவதையும் தடுக்கிறது. வேலிமரமான கிளிரிசிடியாவின் இலையைச் சேர்த்தால் நைதரசனும் கிடைக்கும், ஆனால் அந்த இலை விரைவில் மக்கிவிடும். தண்டிலிருந்து ஒரு சாண் விலக்கியே பரப்ப வேண்டும். பத்தனை எனப்படும் மலைப் புல்வெளியை ஒட்டிய காணியாக இருந்தால், ஆடி மாதத்துக்கு முன் காணி எல்லையில் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புப் பாதை விடாமல் காய்ந்த மானாவைப் பரப்புவது ஆபத்து.