ஸ்போர்ட் பிஸ்டலின் கைப்பிடி: ஆசாரியிடம் கொடுப்பதா, அரமும் மரப் புட்டியும் எடுப்பதா?

25 மீட்டர் ஸ்போர்ட் பிஸ்டல் சுடும் போட்டிக்கு மாறும் பிள்ளைகள் முதலில் விசாரிப்பது டிரிகரைத்தான். என்னைக் கேட்டால் முதல் செலவும் முதல் உழைப்பும் கைப்பிடிக்குப் போக வேண்டும். 60 குண்டுகளில் பின்பாதி 30 குண்டுகள் விரைவுச் சுற்று. ஒவ்வொரு குண்டுக்கும் 7 வினாடி கையைத் தாழ்த்திக் காத்திருந்து, 3 வினாடிக்குள் உயர்த்திச் சுட வேண்டும். பிடியைத் திருத்திக்கொள்ள அங்கே நேரம் கிடையாது.

சோதித்துப் பார்ப்பது எளிது. குண்டுகள் இருக்கும் மேகசினைக் கழற்றுங்கள், குழலில் குண்டு நிற்கும் அறை காலி என்பதைக் கண்ணால் உறுதி செய்யுங்கள். பிறகு கண்ணை மூடிக் கையை உயர்த்தித் திறந்து பாருங்கள். முன் சைட் (குழல் நுனியில் உள்ள குறிமுள்) பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவே நின்றால் பிடி உங்களுடையது. ஒரு பக்கம் ஒதுங்கினால் மணிக்கட்டு தானாக முறுக்கிச் சரிக்கட்டப் பார்க்கும். அவசரத்தில் அந்த முறுக்கே குண்டை வெளியே தள்ளும்.

பொருத்தமான பிடிக்கு இங்கே இரண்டு வழிகள். ஒன்று, ஆசாரியிடம் கொடுத்துப் புதிதாகச் செதுக்குவது. வேலூர், ஆற்காடு, குடியாத்தம் பக்கம் மரவேலையில் கைதேர்ந்தவர்களுக்குக் குறைவில்லை. வெளிப்புற வளைவை உள்ளங்கைக்கு ஏற்ப அழகாகக் கொண்டுவந்துவிடுவார்கள். சிக்கல் உட்புறத்தில். பிஸ்டலின் உலோகச் சட்டம் உட்காரும் குழி மயிரிழை தளர்ந்தாலும் ஒவ்வொரு குண்டுக்கும் பிடி நகரும். மரமும் யோசிக்க வேண்டியது. தோதகத்தி பார்வைக்கு அருமை, ஆனால் வழக்கமான வால்நட்டைவிடக் கனம். போட்டி விதிப்படி பிஸ்டலின் மொத்த எடை 1,400 கிராமைத் தாண்டக் கூடாது. தேக்கில் எண்ணெய்ப்பசை இருப்பதால் பிறகு புட்டி (குறையை நிரப்பும் பசை) வைத்தால் சரியாகப் பற்றாது.

இன்னொன்று, பிஸ்டலோடு வரும் பிடியையே அரத்தால் தேய்த்தும் மரப் புட்டியால் நிரப்பியும் கைக்குக் கொண்டுவருவது. பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். குழி தொழிற்சாலைத் துல்லியத்தில் இருக்கிறது, தவறாகப் போனால் புட்டியைச் சுரண்டிவிடலாம். கொஞ்சம் பெரிய அளவாக வாங்கித் தேய்ப்பது நல்லது. எம்-சீல் கடையில் உடனே கிடைக்கும், கல்லாக இறுகும். ஆனால் வியர்வையை உறிஞ்சாது, வழவழக்கும். மரப் புட்டியை உப்புத்தாளால் சொரசொரப்பாக விட்டால் கை நழுவாது. ஆம்பூர்த் தோல் துண்டைச் சுற்றிப் பார்க்கலாமே என்பார்கள். வியர்வையில் ஊறிய தோல் ஒரே தடிமனில் இருக்காது, வேண்டாம்.

நம் ஊரின் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். மார்கழிக் குளிரில் இறுக்கமாகப் பொருத்திய பிடி அக்னி நட்சத்திரத்தில் கையைக் கடிக்கும், சூட்டில் விரல்கள் உப்புவதால். புட்டி வேலையைப் பங்குனி, சித்திரையில், பயிற்சி முடிந்து கை சூடாக இருக்கும்போது செய்யுங்கள். குளிர்காலத்தில் சிறிது தளரும், அதைச் சமாளித்துவிடலாம்.

பிஸ்டலின் அமைப்பும் தேர்வைத் தீர்மானிக்கிறது. பர்தினி எஸ்பி என்ற மாடலில் மேகசின் டிரிகருக்கு முன்னால் இருப்பதால் பிடியை எந்தப் பக்கமும் தாராளமாகத் தேய்க்கலாம். ஹேமர்லி எக்ஸ்-எஸ்ஸே போல மேகசின் கைப்பிடிக்குள் நுழையும் வகையில் ஓரளவுக்கு மேல் மெலிக்க இடமில்லை. மிகச் சிறிய கை உள்ளவர்களுக்கு அது ஒத்துவராது, எந்த ஆசாரியாலும் அதை மாற்ற முடியாது. இரண்டிலும் கட்டைவிரல் கவட்டைக்கு மேலே புட்டியை ஏற்றிவிடாதீர்கள். சுட்டதும் பின்னால் வரும் போல்ட் (அறையை மூடித் திறக்கும் உலோகப் பாகம்) இடித்து அடுத்த குண்டு சிக்கும்.

போட்டி விதிகள்: பிடியோடு சேர்த்து பிஸ்டல் 300 × 150 × 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும். ஓர் அளவில் மட்டும் 5 சதவீதச் சலுகை உண்டு. அகலம் 50 மி.மீ. என்பதால் உள்ளங்கைத் தாங்கியை (கையின் அடி உட்காரும் திட்டை) தாராளமாக வளர்த்தவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். பிடி மணிக்கட்டைத் தாங்கவும் கூடாது.

டிரிகரின் இழுப்பு எடை 1,000 கிராமுக்குக் குறையக் கூடாது. போட்டிச் சோதனையில் டிரிகரில் மாட்டிய எடைக்கல்லைத் தூக்கிக் காட்ட வேண்டும். விளிம்பில் வைக்காமல் சற்றுக் கூடுதலாக வையுங்கள். டிரிகரின் முன்பின் தூரத்தை விரலுக்கு ஏற்ப நகர்த்துவதோடு நிறுத்துங்கள். உள்ளே கை வைப்பது உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரின் வேலை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி பழுதுபார்க்கும் தொழிலுக்கே உரிமம் வேண்டும்.