அம்பத்தூர்ப் பட்டறையில் கட்டிய இரட்டை மோட்டார் சரக்குச் சைக்கிள்: ஒரு மதிப்பீடு

மாதவரத்தில் உள்ள எங்கள் கிடங்கு வளாகத்துக்குள் சரக்குப் பெட்டிகளைக் கொண்டு செல்வதற்காக, அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு சிறு பட்டறையில் இரட்டை பிரஷ்லெஸ் மோட்டார் (கார்பன் பிரஷ் இல்லாத மின்மோட்டார்) பொருத்திய சைக்கிள் ஒன்றைக் கட்டி வாங்கினோம். ஒரு கோடையும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் ஓட்டிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். மோட்டார் வேலையில் அந்தப் பட்டறையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். பேட்டரி வேலையில் பக்கத்தில் நின்று, ஒவ்வொன்றையும் கேட்டு வாங்க வேண்டும்.

எங்களுக்கு வேகம் தேவையில்லை, இழுவைதான் தேவை. கிடங்கின் ஏற்றுமேடைக்குச் செல்லும் சரிவு பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயர்கிறது. ஆள், வண்டி, சுமை எல்லாம் சேர்ந்து 180 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்தச் சரிவில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏற சக்கரத்தில் ஏறத்தாழ 550 வாட் திறன் வேண்டும். சக்கரத்தின் நடுவிலேயே பொருந்தும் இந்த ஹப் மோட்டார் மெதுவாகச் சுற்றும்போது பேட்டரியிலிருந்து வரும் மின்சாரத்தில் கணிசமான பங்கு வெப்பமாகவே போய்விடும். சுருளில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், ஒரே மோட்டாரின் சுமையை ஒரே மாதிரியான இரண்டு மோட்டார்களுக்குச் சமமாகப் பிரித்தால் இரண்டிலும் சேர்ந்து வரும் வெப்பம் பாதியாகக் குறைகிறது. அந்தப் பாதியும் இரண்டு இடங்களில் பரவுகிறது. எங்கள் வண்டியில் மோட்டார்கள் வெவ்வேறு வகை என்பதால் கணக்கு அவ்வளவு துல்லியமாக வராது. ஆனாலும் முன்மோட்டாரின் இணைப்பைக் கழற்றிவிட்டுச் சித்திரை வெயிலில் அதே சரிவில் திரும்பத் திரும்ப ஏற்றியபோது பின்சக்கரத்தின் மோட்டாரில் கை வைக்க முடியவில்லை. இரண்டையும் இயக்கியபோது வெதுவெதுப்போடு நின்றது. இரட்டை மோட்டாருக்குக் கொடுத்த பணம் இந்த ஒரு காரணத்துக்கே தகும்.

அடிப்படையாக எடுத்துக்கொண்டது பால்காரர்களும் தண்ணீர் கேன் போடுபவர்களும் வைத்திருக்கும் கனமான இரும்புச் சைக்கிள். அந்தத் தேர்வு பட்டறைக்காரருடையது, நல்ல தேர்வு. ஹப் மோட்டாரின் அச்சு, சக்கரத்தைச் சுழற்றும் அதே விசையோடு ஃபோர்க்கின் வாயை (அச்சு உட்காரும் பிளவை) எதிர்ப்பக்கமாகத் திருகப் பார்க்கும். அலுமினிய ஃபோர்க்காக இருந்தால் வாய் விரிந்து முன்சக்கரமே கழன்றுவிடும் அபாயம் உண்டு. இங்கே இரும்பு ஃபோர்க்கோடு இருபுறமும் டார்க் ஆர்ம், அதாவது அச்சைத் திருகாமல் பிடித்துக்கொள்ளும் இரும்புப் பட்டை, போட்டு, அச்சின் தட்டைப் பக்கத்துக்கு இம்மியும் ஆட்டமில்லாமல் ராவிப் பொருத்தியிருக்கிறார்கள். பழைய ரிம்களில் முன்னால் 32, பின்னால் 40 ஸ்போக்ஸ் துளைகள் இருக்க, மோட்டார்களில் 36 இருந்ததால் ரிம்களைப் புதிதாக வாங்கிக் கட்டினார்கள். சுமையோடு ஓடியும் இதுவரை கோட்டம் விழவில்லை.

பின்னால் கியர் இல்லாத நேரடி மோட்டார், முன்னால் கியர் மோட்டார். முன்மோட்டாரில் உள்ள கிளட்ச், மின்சாரம் இல்லாதபோது சக்கரத்தைத் தடையின்றி உருள விடுகிறது. பின்மோட்டார் சரிவில் இறங்கும்போது வண்டியைப் பிடித்து நிறுத்தி, கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பியும் தருகிறது. முழுதாக சார்ஜ் ஏற்றிய உடனே சரிவில் இறங்கினால் மட்டும் பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கும் மின்சுற்று) அதை ஏற்காமல் துண்டித்துக்கொள்கிறது; காலையில் முதல் நடையைச் சமதளத்தில் ஓட்டினால் போதும்.

வேலையை அருகிலிருந்து பார்த்தேன். மோட்டாரின் மூன்று தடித்த வயர்களையும் ஹால் சென்சாரின் (மோட்டார் சுற்றும் நிலையை உணரும் கருவியின்) மெல்லிய வயர்களையும் நிறம் பார்த்து இணைத்ததோடு விடாமல், சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, கிளாம்ப் மீட்டரை மாட்டி, சுமையில்லாமல் சுற்றும்போது எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறது என்று ஒவ்வொரு வரிசையாக மாற்றிப் பார்த்தார் மெக்கானிக். வரிசை தவறினால் மோட்டார் கரகரத்து அதிகம் இழுக்கிறது. சரியாக அமைந்ததும் சத்தம் அடங்கி முள் கீழே வருகிறது. ஒரே த்ராட்டிலை (கைப்பிடி முறுக்கியை) மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் இரண்டு கன்ட்ரோலர்களுக்கும் பிரித்தபோது சிக்னல் வயரையும் கறுப்பு வயரையும் மட்டும் பொதுவாக்கி, 5 வோல்ட் சிவப்பு வயரை ஒரு கன்ட்ரோலரிலிருந்து மட்டும் எடுத்தார். பிரேக்கைப் பிடித்தால் இரண்டு மோட்டார்களும் ஒருசேர நிற்கின்றன.

முதலில் இரண்டு கன்ட்ரோலர்களுக்கும் தலா 20 ஆம்பியர் வரம்பு வைத்திருந்தார்கள். ஏற்றத்தில் பாரமெல்லாம் பின்னால் சாய்வதால், மழைநாளில் முன்சக்கரம் இருந்த இடத்திலேயே சுழன்றது. சொன்னவுடன், "முன்னாடி கம்மி பண்ணிடலாம் சார், பின்னாடி இழுக்கட்டும்" என்று, தனியாகக் காசு கேட்காமல் முன்பக்கத்தை 12 ஆம்பியராகக் குறைத்துக் கொடுத்தார்கள். அதன்பின் வழுக்கவில்லை.

என் மனத்தாங்கல் பேட்டரியைப் பற்றியது. 16 செல் வரிசை கொண்ட 51.2 வோல்ட், 20 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியைக் கேட்டிருந்தோம். சென்னை வெயிலுக்கு மற்ற லித்தியம் வகைகளைவிட அதுவே நிதானமானது. செல்கள் கேட்டபடியே வந்தன. ஆனால் பி.எம்.எஸ். 30 ஆம்பியருக்கானது. இரண்டு கன்ட்ரோலர்களும் சேர்ந்து அப்போது 40 ஆம்பியர் இழுக்கும் என்பது கூட்டிப் பார்த்தாலே தெரியும். அதைப் பட்டறையே கவனித்திருக்க வேண்டும். சரிவின் நடுவில், சுமையோடு, வண்டி அப்படியே செத்து நின்றது. பேட்டரியின் வாயில் ஃபியூஸும் இல்லை. 60 ஆம்பியர் பி.எம்.எஸ். மாற்றவும் ஃபியூஸ் போடவும் இரண்டு வாரம் இழுத்தடித்தார்கள். மொத்தச் செலவில் ஏறத்தாழப் பாதி பேட்டரிக்கே போகும் வண்டியில் இந்த அலட்சியத்தை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இதைச் சாலையில் ஓட்ட நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டார் திறன் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்ட வண்டிக்கே பதிவிலிருந்து விலக்கு. எங்கள் வண்டி அந்த வரம்பைத் தாண்டியது. ஆகவே அதைப் பட்டறையிலிருந்து டாட்டா ஏஸில் ஏற்றித்தான் கொண்டுவந்தோம், வளாகத்தின் கேட்டைத் தாண்டி அது போவதில்லை. பட்டறைக்காரர் இதைத் தாமாகவே முதல் நாளில் சொன்னார். அந்த நேர்மைக்கு நன்றி.

அங்கே வண்டி கட்டக் கொடுப்பவர்கள் முன்பணம் கொடுக்கும் முன்பே பி.எம்.எஸ்.ஸின் ஆம்பியர், ஃபியூஸின் அளவு, வயரின் தடிமன் மூன்றையும் மதிப்பீட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். கன்ட்ரோலர்களை இருக்கைக்கு அடியில், வயர்கள் கீழ்நோக்கி இறங்கும்படி வைக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு அப்படி வைத்ததால் ஐப்பசி மழையிலும் தண்ணீர் உள்ளே இறங்கவில்லை.