காஸ் குக்கருக்கு முந்திச் சுவர்: எங்கள் குசினிக்கு வந்த மேசனும் காஸ் தம்பியும்

குசினிச் சுவரையும் அடுப்புத் திட்டையும் காஸுக்கு ஏற்றபடி மாற்ற ஆள் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் குக்கர் எந்தக் கொம்பனி என்றுதான் கேட்கிறார்கள். சுவரைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. எங்களுக்குச் சுவருக்கும் திட்டுக்கும் போன காசு குக்கர் விலையைப்போல இரண்டு மடங்குக்கு மேலே. அதில் ஒரு ரூபாயும் வீண் இல்லை.

எங்கள் இடம் யாழ்ப்பாணத்தில் இணுவில். குசினி வீட்டோடு ஒட்டாமல் பின்பக்கம் தனியே நிற்கிறது. சுண்ணாம்புக் கல்லுச் சுவர், சுண்ணாம்புச் சாந்துப் பூச்சு, பனஞ் சலாகையில் ஓடு. அக்கினி மூலையில் விறகடுப்பு, மேலே புகைக்கூடு. ஊமலும் பொச்சும் பாளையும் எரிந்து எரிந்து அந்த மூலை கன்னங்கரேல் என்று இருந்தது. குக்கரும் அதே மூலையில்தான் இருக்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டா. விறகடுப்பையும் உடைக்கக்கூடாதாம். அவவைக் குறை சொல்ல ஏலாது. 2021 கடைசியில் காஸ் அடுப்பும் சிலிண்டரும் வெடித்த செய்தி நாடு முழுக்க வந்ததை அவ மறக்கவில்லை. சமையல் காஸ் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது; அந்தக் கலவையில் புரொப்பேனின் பங்கு கூடினதால் சிலிண்டருக்குள் அமுக்கம் கூடினது என்று அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. அடுத்த வருசம் காஸே இல்லை. வெறும் சிலிண்டரை உருட்டிக்கொண்டு சனம் வரிசையில் நின்றது. அந்த மாதங்களில் எங்களுக்குச் சோறு போட்டது ஊமல்தான்.

மேசனிடம் போக முந்தி ரவுணில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். பளிங்கு மாதிரிப் பி.வி.சி. தகடும், குக்கருக்குக் கீழே கதவு போட்ட பான்ட்ரி அலுமாரியும் காட்டினார்கள். சிலிண்டர் அந்த அலுமாரிக்குள்ளேயே நிற்குமாம். "வடிவாயிருக்கும் அக்கா, எண்ணெய் தெறிச்சாலும் துடைச்சால் போச்சு" என்றார் விற்பனைப் பெடியன். படத்தில் வடிவாகத்தான் இருந்தது.

மேசன் அண்ணைக்கு அறுபது வயதிருக்கும். எங்கள் பக்கத்து வளவில் மதில் கட்டினவர். கடைக்காரர் தந்த படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டி ஆறுதலாகப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"பிள்ளை, உது பிளாஸ்ரிக். அடுப்புக்குப் பின்னாலை ஒட்டுற சாமானே? சாமியறைக்கும் ஒட்டாதேங்கோ, அங்கையும் விளக்கெரியுது."

அவர் சொன்னது சரி. பி.வி.சி. 80 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கிவிடும். பெரிய தாச்சி வைத்து நெருப்பைக் கூட்டினால் சுவாலை தாச்சிக்கு வெளியே வந்து சுவரைத்தான் நக்கும். அலுமாரி விசயத்தில் இன்னும் கடுமையாக நின்றார். காஸ் காற்றை விடப் பாரம். புரொப்பேன் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் மேலே போய்க் கலைந்து போகாது, தரையோடு ஊர்ந்து போய்ப் பள்ளத்தில் தேங்கி நிற்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றக்கூடியது. கதவு பூட்டின அலுமாரிக்குள் சிலிண்டரை வைத்தால் அது தேங்குவதற்கு நாங்களே தொட்டி கட்டிக் கொடுத்த மாதிரி. இந்தக் கணக்கெல்லாம் அவர் சொல்லவில்லை, அவர் சொன்னது "சிலிண்டர் வெளியிலை நிண்டால் நான் வாறன், உள்ளை எண்டால் வேறை ஆளைப் பாருங்கோ" என்பது மட்டும். வேலை கேட்டு வந்த ஒருவர் வேலையை விட்டுப் போகவும் ஆயத்தமாக நின்றது எனக்குப் பிடித்தது.

சுவர் வேலையைத்தான் நான் கிட்ட நின்று பார்த்தேன். சாந்தகப்பையின் பிடியால் ஒவ்வொரு சாணாகத் தட்டிக்கொண்டு போனார். சில இடத்தில் இறுக்கமான சத்தம், அடுப்புக்கு நேர் பின்னால் பொள்ளென்று கேட்டது. அங்கே பழைய பூச்சு கல்லை விட்டு எழும்பி நின்றிருக்கிறது. கத்தியை விட்டுக் கிளப்ப, கை அகலத் துண்டு அப்படியே கழன்று வந்தது. முன்பக்கம் தார் மாதிரிக் கரிப்பிசின், பின்பக்கம் வெள்ளை வெளேரென்று உப்பு. கரிப்பிசினுக்கு மேலே எந்தச் சீமெந்தும் பிடிக்காது என்று கல்லுத் தெரியும் வரைக்கும் சுரண்டினார்கள். பிறகு கம்பித் தூரிகை, பிறகு தண்ணீர், பிறகு காயவிட்டது. உப்பு மறுபடி பூத்தது; மறுபடி தட்டித் துடைத்துக் காயவிட்டார். எனக்கு அலுப்புத்தான். குசினி இல்லாமல் விறாந்தையில் சமைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு அதைவிட அலுப்பு.

பூச்சுக்கு அவர் சீமெந்தை மட்டும் குழைக்கவில்லை. சீமெந்து ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு. மெதுவான பழைய சுவரில் இறுக்கமான சீமெந்தைப் போட்டால் சுவர் ஒரு பக்கம் அசைய, பூச்சு இன்னொரு பக்கம் இழுத்து வெடிக்கும். உள்ளே இருக்கிற ஈரமும் வெளியேற வழி இருக்காது. சூடு ஏறி இறங்குகிற இடத்தில் இது இன்னும் கெதியாக நடக்கும். பூசி முடித்த பிறகு ஒரு கிழமை காலையும் பின்னேரமும் தண்ணீர் அடிக்கச் சொன்னார். அந்த வேலை என் தலையில் விழுந்தது. ரைல்ஸ் குக்கருக்குப் பின்னாலும் பக்கத்திலும் மட்டும்தான், சாதாரண வெள்ளை.

திட்டு மூன்று அங்குலக் கொங்கிறீற், உள்ளே கம்பி. உயரம் முடிவு செய்ய அம்மாவைக் கூப்பிட்டு நிறுத்தி, பானையைக் கையில் கொடுத்து, முழங்கையைப் பார்த்து அளவு போட்டார். குக்கரே ஒரு சாண் உயரம் ஏற்றும் என்பதை நினைத்துத் திட்டைப் பதித்தார். கடையில் எல்லோருக்கும் ஒரே உயரம் சொல்கிறார்கள்.

இனி யன்னல். எங்கள் குசினியில் தெற்குச் சுவரில், அடுப்பு மூலைக்குப் பக்கத்திலேயே யன்னல் இருக்கிறது. வைகாசி தொடங்கிச் சோளகம் அடிக்கிற காலத்தில் விறகடுப்பிலேயே சுவாலை சரியும். காஸ் என்றால் சுவாலை அணைந்து போகும், காஸ் வந்துகொண்டே இருக்கும். மலிவான குக்கர்களில் நெருப்பு அணைந்தால் காஸைத் தானாக மறிக்கிற பூட்டு இருப்பதில்லை, எங்களுடையதிலும் இல்லை. இதை நான் யோசிக்கவே இல்லை, கடைக்காரரும் சொல்லவில்லை. மேசன் அண்ணைதான் வந்த அன்றைக்கே யன்னலடியில் நின்று கையை நீட்டிப் பார்த்துவிட்டு, கீழ் அரைவாசியைக் கல்லு வைத்து அடைக்க வேணும் என்றார். இப்போது மேலரைவாசி மட்டும் திறந்திருக்கிறது. வெளிச்சம் கொஞ்சம் குறைவு. பரவாயில்லை.

காற்றை மறித்ததற்கு ஈடாக இன்னொரு வழி திறந்தார்கள். பின்கதவுக்குப் பக்கத்தில், வடக்குச் சுவரில், தரையோடு தரையாக ஒரு துவாரம். கசிந்த காஸ் தேங்காமல் வெளியே வழிந்து போவதற்கு. அம்மா விடவில்லை. "பாம்பு வரும் தம்பி" என்று ஒரே பிடி. நெருக்கமான கம்பிவலை அடித்த பிறகுதான் சம்மதித்தா. அந்தத் துவாரத்தை ஏன் சிலிண்டர் நிற்கிற கிழக்குப் பக்கம் வைக்கவில்லை என்று கேட்டேன். "அங்கை கசிஞ்சால் இந்த ஓட்டையாலை உள்ளை வருமே அக்கா" என்றான் காஸ் பொருத்த வந்த தம்பி. அவன் பேசினதே குறைவு. பேசினதில் உருப்படியானது இது.

தம்பியின் வேலை பற்றி. சிலிண்டர் கிழக்குச் சுவருக்கு வெளியே, சின்னத் தகரக் கூரையின் கீழே, சீமெந்துக் கட்டில் நிமிர்ந்து நிற்கிறது. தண்ணி ஓடுகிற வாய்க்காலுக்குத் தள்ளி, ஏனென்றால் வாய்க்காலும் பள்ளம்தான். சுவருக்குள்ளால் றபர் ரியூப்பைக் கொண்டுபோகச் சம்மதிக்கவில்லை. சுவருக்குள் இருந்தால் ரியூப்பில் வெடிப்பு விட்டதும் தெரியாது, எலி கடித்ததும் தெரியாது. செப்புப் பைப்பைப் பெரிய பைப் ஒன்றுக்குள் செருகிச் சுவரைக் கடக்கவிட்டான். வெளிப் பைப்பின் உள்வாயை மட்டும் அடைத்து, வெளிவாயைத் திறந்து விட்டான். நடுவில் கசிந்தால் வெளியேதான் போகும். உள்ளே குக்கருக்குப் போகிற ரியூப் ஒரு மீற்றருக்கும் குறைவு, அடுப்புக்குக் கீழால் வளையாமல் பக்கத்தால் வருகிறது. கடைசியில் சவர்க்காரத் தண்ணீரைக் குழைத்து ஒவ்வொரு பூட்டிலும் தடவினான். ரெகுலேற்றர் பக்கம் ஒரு பூட்டில் சின்னக் குமிழி ஒன்று மெல்ல ஊதி வந்தது. கழற்றி, திரும்ப இறுக்கி, திரும்பத் தடவி, குமிழி வராமல் நின்ற பிறகுதான் தீப்பெட்டியைக் கேட்டான்.

விறகடுப்பு விசயத்தில் மேசன் அண்ணையும் தம்பியும் ஒரே பக்கம் நின்றார்கள். ஒரே அறைக்குள் தணலும் காஸும் கூடாது. அம்மாவோடு அரைநாள் வாக்குவாதம். கடைசியில் பின்பத்தியில் இரண்டு அடுப்புப் போட்டுக் கொடுத்தார் மேசன் அண்ணை, கூலி தனியாகக் கேட்கவில்லை. பழைய புகைக்கூடு குக்கருக்கு மேலே அப்படியே இருக்கிறது. ஆனால் அதைக் கூட்டாமல் விட அவர் சம்மதிக்கவில்லை. சாக்குக்குள் பொச்சை அடைத்து, கல்லுக் கட்டி, கயிற்றில் மேலிருந்து இறக்கி இழுத்தார்கள். கரி கட்டி கட்டியாக விழுந்தது, கூடவே ஒரு பழைய குருவிக்கூடு. அதற்குப் பிறகு கதவு, யன்னல் எல்லாம் சாத்திவிட்டு, புகைகிற பொச்சு ஒன்றைப் புகைக்கூட்டு வாயின் கீழே பிடித்தார். புகை தயங்காமல் மேலே ஏறினது.

லண்டனில் இருக்கிற தங்கச்சி இதை வீடியோவில் பார்த்துவிட்டு, அவர்கள் வீட்டு ஹோலில் குளிருக்குக் காஸ் நெருப்புப் பொருத்த வந்தவரும் இதையேதான் செய்தார் என்றாள். அவர் பொச்சுக்குப் பதிலாகப் புகைக் குச்சி கொளுத்தினாராம். புகைக்கூட்டைக் கூட்டி, முன்னால் எரியாத கல்லுப் பலகை பதித்து, புகை உள்ளே திரும்பவில்லை என்று கண்ட பிறகுதான் பொருத்தினாராம். அங்கே காஸ் சேஃப் என்ற பதிவேட்டில் இல்லாதவர் கூலிக்குக் காஸ் வேலை செய்தால் குற்றம். 2009 இல் கோர்ஜி என்ற பழைய பதிவேட்டின் இடத்துக்கு வந்தது அது. வந்தவர் அட்டையைக் காட்டி, வேலை முடிய எழுத்தில் ஒரு தாளும் கொடுத்துவிட்டுப் போனாராம்.

எங்கள் தம்பியிடம் எனக்குள்ள பெரிய குறை அதுதான். என்ன பொருத்தினான், எப்போது சோதித்தான் என்று ஒரு துண்டும் தரவில்லை. கேட்டால் "என்ரை நம்பர் இருக்குத்தானே அக்கா" என்கிறான். ரியூப் எப்போது மாற்ற வேண்டும் என்பதை நானே கேட்டு, திகதியைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

மேசன் அண்ணையிடமும் குறை உண்டு. எட்டு மணி என்றால் பத்து மணி. "நாளைக்கு" என்றால் எந்த நாளை என்று கேட்க வேணும். உடைத்த பூச்சையெல்லாம் என் மல்லிகைப் பந்தலடியில் கொட்டிவிட்டுப் போனார், அள்ள ஆள் பிடித்தது நான். சுவிச் பெட்டிக்குப் பக்கத்தில் ரைல்ஸ் வரிசை ஒரு விரல் கோணல். தெரிந்தவர்கள் கண்ணுக்குத்தான் படும், ஆனால் எனக்குத் தினமும் படுகிறது. வடிவுக்கு ஐந்துக்கு மூன்று போடுவேன். பாதுகாப்புக்கு ஐந்தும்.

கூப்பிடுகிறதென்றால் ஐப்பசிக்கு முந்திக் கூப்பிடுங்கள். மாரி தொடங்கினால் பூச்சுக் காயாது, அவரும் வரமாட்டார். சாமான் அவர் வாங்குகிறதென்றால் முற்பணம் கேட்பார். நாங்களே வாங்கிக் கொடுத்தால் கேட்கமாட்டார். சுண்ணாம்பை மட்டும் அவரையே வாங்க விடுங்கள், கடையில் பழசைத் தள்ளிவிடுவார்கள்.