பழைய ஃபார்ச்சூனரா, புதுசா: ரெண்டாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்தால்

2025 செப்டம்பரில் பெரிய எஸ்யூவிகளுக்கு செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து 50 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 40 ஆனதிலிருந்து ஈரோடு, திருப்பூர் பக்கம் ஒரே கேள்விதான். "பழைய ஃபார்ச்சூனரைக் கொடுத்துட்டுப் புதுசு எடுத்துரலாமுங்களா?" எஞ்சின், மைலேஜ், மறுவிற்பனை விலை எல்லாம் கேட்பவருக்கே அத்துப்படி. அவர் கேட்காமல் விடுவது, ஆனால் வாங்கின மறு மாதமே வீட்டில் பேச்சாகிவிடுவது, ரெண்டாவது வரிசைச் சீட்டு.

பழசு என்று இங்கே சொல்வது 2009-ல் வந்த 3.0 லிட்டர் டொயோட்டா ஃபார்ச்சூனர். புதுசு என்பது 2016 நவம்பரில் வந்த 2.8, அதன் 2021 மறுபதிப்பும் சேர்த்து. அடியில் படுத்துப் பார்த்தால் ரெண்டும் ஒரே குடும்பம்: ஏணி மாதிரியான சேசிஸ் (அடிச்சட்டம்), முன்னால் சக்கரத்துக்கு ரெண்டு கை பிடித்த டபுள் விஷ்போன், பின்னால் நாலு லிங்க் போட்ட ஒற்றை ஆக்ஸில் (ரெண்டு சக்கரத்தையும் சேர்க்கும் தண்டு), நாலு மூலையிலும் காயில் ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் கெட்டித்தனம், ஷாக் அப்சார்பரின் பிடி, சேசிஸின் விறைப்பு இவைதான் வேறு. அதுவே குணத்தை மாற்றிவிடுகிறது.

நெடுஞ்சாலையில் புதுசுக்கு முழு மார்க். பெருந்துறை தாண்டி செங்கப்பள்ளி வரை நூறில் பிடித்துப் போகும்போது, பாலத்து மேட்டில் ஏறி இறங்கினதும் வண்டி ஒரே அமுக்கில் நின்றுவிடும். பழசு அப்படியில்லை. ஒரு தடவை அமுங்கி, எழுந்து, மறுபடி அரைத் தடவை அமுங்கும். லேன் மாறும்போது உடம்பு ஒரு பக்கம் சாய்ந்த பிறகுதான் வண்டி திரும்ப மனசு வைக்கும். வாந்தி எடுக்கும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்த ஆட்டம் சின்ன விஷயமில்லை.

மலைப்பாதையிலும் புதுசுதான். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளோ ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 வளைவுகளோ, ஸ்டியரிங்கை ஒடித்ததும் மூக்கு உடனே திரும்புகிறது. பழசில் பின் பிரேக் டிரம். புதுசில் நாலு சக்கரத்திலும் டிஸ்க். இறக்கத்தில் அந்த வித்தியாசம் கால் கட்டைவிரலுக்கே தெரியும். ரெண்டிலும் ஹைட்ராலிக் ஸ்டியரிங்தான், பார்க்கிங்கில் ரெண்டும் கனம். 2021-க்குப் பிந்தைய வண்டியில் டிரைவ் மோடுக்குத் தக்கபடி கனம் மாறும். ஒரு இடத்தில் மட்டும் பழசு ஜெயிக்கும், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இனி எரிச்சல். சாலை முடிந்து தோட்டத்து இட்டேரி, அதாவது வேலிகளுக்கு நடுவே போகும் மண் தடம், ஆரம்பிக்கும் இடத்தில், முப்பதுக்குக் கீழே, புதுசின் பின்பக்கம் சும்மாவே இருக்காது. ஒவ்வொரு சின்னக் கல்லும் இடுப்புக்கு வந்து சேரும். வாய்க்கால் பாலத்தை ஒட்டி அடுத்தடுத்துப் போட்டிருக்கும் பட்டை வேகத்தடைகளில் அமுச்சியை (பாட்டியை) பின்னால் உட்கார வைத்து ஒரு தரம் ஓட்டினால் போதும், அடுத்த தடவை "நான் பஸ்ஸுலயே வர்றேன் சாமி" என்பார்.

காரணம் ரெண்டு. ஏழு பேர், மூட்டை முடிச்சு எல்லாவற்றையும் தாங்க வேண்டும் என்பதற்காகப் பின் ஸ்பிரிங் கெட்டியாக வைக்கப்பட்டது. ரெண்டே பேர் போகும்போது அது அமுங்குவதற்குப் போதிய எடை இல்லை. பொள்ளாச்சியிலிருந்து இளநீர்க் குலைகளை டிக்கியில் அடுக்கிக்கொண்டு திரும்பும்போது அதே சாலையில் அதே வண்டி அடங்கிப் போவதைக் கவனித்தால் இது புரியும். ரெண்டாவது காரணம் ஆக்ஸில். ஒற்றைத் தண்டு என்பதால் இடது சக்கரம் குழியில் இறங்கினால் வலது பக்கமும் அசையும். பற்றாததற்கு, ஆக்ஸிலைச் சேசிஸோடு குறுக்கே பிடித்திருக்கும் லேட்டரல் ராடு இருக்கிறது. அதன் ஒரு முனை சேசிஸில், மறுமுனை ஆக்ஸிலில். சக்கரம் மேலே ஏறும்போது ஆக்ஸில் நேராக ஏறாமல் அந்த ராடின் வட்டத்தில் கொஞ்சம் பக்கவாட்டில் நகரும். அந்த நகர்வுதான் உட்கார்ந்திருப்பவரின் தலையைக் கண்ணாடிப் பக்கம் வெட்டுகிறது. பழசிலும் இதே ராடு உண்டு. அதன் ஸ்பிரிங் கொஞ்சம் தளர்வு என்பதால் வெட்டு தாலாட்டாகக் கரைந்துவிடும்.

டயரும் சேர்ந்து படுத்துகிறது. பழசில் 265/65, 17 அங்குலம்; அதாவது அகலம் 265 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம், சக்கரம் 17 அங்குலம். நாலு சக்கரத்தையும் எஞ்சின் சுற்றக்கூடிய புதுசின் 4×4-ல் 265/60, 18 அங்குலம். கணக்குப் போட்டால் டயரின் பக்கச்சுவர் 172 மில்லிமீட்டரிலிருந்து 159-க்கு இறங்கியிருக்கிறது. 13 மில்லிமீட்டர் ரப்பரும் காற்றும் போனது போனதுதான். 17 அங்குலச் சக்கரத்தோடு வரும் 4×2-ஐ (பின் சக்கரம் மட்டும் ஓடும் வண்டி) ஓட்டிப் பார்த்தால், மெதுவான வேகத்தில் அது கொஞ்சம் மனிதத்தன்மையோடு நடந்துகொள்ளும்.

காற்று விஷயத்தில் நம்ம ஊர் பஞ்சர் கடைக்காரர்களிடம் சண்டை போட்டே ஆக வேண்டும். டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்வது 29 பிஎஸ்ஐ. கடையில் கேட்காமலே 35, "பெரிய வண்டிங்க" என்று 38 கூட வைப்பார்கள். கெட்டி ஸ்பிரிங்கோடு அதையும் சேர்த்தால் சக்கரத்துக்குப் பதிலாக உருளைக்கல் மாட்டின மாதிரிதான். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் ஆறியிருக்கும்போது சொந்த கேஜில் பாருங்கள். ஓடி வந்த சூட்டில் மூணு, நாலு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துவிட்டுக் காற்றை இறக்கக் கூடாது.

பழைய வண்டி கடகடக்கிறது, அதனால்தான் மாற்றுகிறேன் என்பவர்களில் பாதிப் பேருக்கு வண்டி கெடவில்லை, ரப்பர்தான் செத்திருக்கிறது. பார்க்க வேண்டியவை: முன் லோயர் ஆர்ம் புஷ் (இணைப்பில் அதிர்வை வாங்கும் ரப்பர்), ஸ்டெபிலைசர் லிங்க், அதன் பார் புஷ், பின் ட்ரெய்லிங் ஆர்ம் புஷ்கள், லேட்டரல் ராடின் ரெண்டு புஷ், கடைசியாக பாடியும் சேசிஸும் சேரும் இடத்து மவுண்ட் ரப்பர். ஷாக்கில் எண்ணெய் கசிவு தெரிந்தால் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், ஜோடியாக மாற்றுங்கள். டயர் பக்கச்சுவரில் நாலு இலக்கத் தயாரிப்பு எண் இருக்கும். முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். ஆறு வருஷம் தாண்டின டயர், பட்டன் (தரையில் படும் ரப்பர் மேடு) நன்றாக இருந்தாலும் கல் மாதிரி இறுகியிருக்கும்.

புஷ் மாற்றும்போது ஒர்க்‌ஷாப்பில் பக்கத்திலேயே நில்லுங்கள். வண்டி லிஃப்டில் தொங்கும்போதே போல்ட்டை முழுசாக முறுக்கிவிடுவார்கள். அப்போது ஆர்ம் கீழே தொங்கும் நிலையில் ரப்பர் பிடிபட்டுவிடும். வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடக்கும். ஓட்டம் கடினமாகும், புதுப் புஷ் ஒரு வருஷத்தில் கிழியும். லேசாகப் பிடித்துவிட்டு, நாலு சக்கரமும் தரையில் எடை தாங்கி நிற்கும்போது டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். பிறகுதான் அலைன்மென்ட்.

புதுசின் உதறலுக்கு இப்படி மருந்து கிடையாது. வெளியில் விற்கும் சஸ்பென்ஷன் கிட்டுகள் பெரும்பாலும் வண்டியை உயர்த்தவும் கூடுதல் எடை தாங்கவும் செய்தவை. போட்டால் இன்னும் கெட்டியாகும். ஃபார்ச்சூனரின் ஸ்போர்ட்ஸ் ரகமான ஜிஆர்-எஸ் பக்கம் போகவே வேண்டாம், அதன் சஸ்பென்ஷனே ஸ்போர்ட்டியாகத்தான் டியூன் செய்யப்பட்டது.

அந்தக் கடைசி விஷயம். பழைய 4×4 முழுநேரம் நாலு சக்கரத்தையும் இழுக்கும். முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டார்சன் டிஃபரென்ஷியல் நடுவில் இருப்பதால் எந்தச் சாலையிலும் அப்படியே ஓட்டலாம். புதுசு பகுதிநேரம். தார் காய்ந்திருக்கும்போது 4எச்-ல் (நாலு சக்கர ஓட்டத்தில்) வைத்து வளைத்தால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும், ஆகவே பெரும்பாலும் பின் சக்கர ஓட்டம்தான். ஐப்பசி மழையில் வால்பாறை வளைவில் ஏறும்போது புதுசின் உள்பக்கப் பின் சக்கரம் லேசாக வழுக்கும், எலெக்ட்ரானிக்ஸ் பவரை வெட்டும். பழசு எதுவுமே நடக்காத மாதிரி ஏறிப் போகும்.

நெடுஞ்சாலை, மலை, பிரேக் என்று எல்லா வரியிலும் புதுசுக்குத்தான் மார்க் போட்டிருக்கிறேன். ஆனாலும் 4×4 மேனுவல் பழசு வைத்திருப்பவர் அதைக் கொடுக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். ஸ்டியரிங் பிடிப்பவருக்குப் புதுசு, வண்டிக்குக் காசு கொடுத்த பெரியவருக்குப் பழசு. இல்லை, எடுத்தே தீருவேன் என்றால் டெஸ்ட் டிரைவில் சாவியை வாங்காதீர்கள். காற்றை 29-க்கு வைக்கச் சொல்லிவிட்டு, ஷோரூம் பையனை ஓட்டவிட்டு, பின்னால் ஏறி உட்கார்ந்து உங்கள் தோட்டத்து வழியிலேயே போய் வாருங்கள். அவினாசி ரோடு மேம்பாலத்தில் ஓட்டிக் காட்டினால் எந்த வண்டியும் நல்ல வண்டிதான்.