சிஇசட் 457: அணில் வேட்டைக்கு ஒரு .22

செக் நாட்டுத் தயாரிப்பான இந்த .22 எல்ஆர் (சின்னத் தோட்டா வகை) ரைஃபிளில் போல்ட் (தோட்டாவை ஏற்றி இறக்கும், கைப்பிடி வைத்த தண்டு) 60 டிகிரிதான் மேலெழும்; மேலே மாட்டிய ஸ்கோப்பில் (குறிபார்க்கும் தொலைநோக்கி) கை இடிக்காது. விசையை இழுக்க வேண்டிய கனத்தைத் திருகு வைத்துக் குறைக்கலாம். மேகசினில் 5 தோட்டா, போதும்.

குறி சிதறினால் துப்பாக்கியைத் திட்டுமுன் தோட்டாவைப் பாருங்கள். பிராண்டு மாறினாலே குண்டு விழும் இடம் மாறும். நாலைந்து வகை வாங்கி, 50 கஜத்தில் ஐந்தைந்தாகச் சுட்டு, நெருக்கமாக விழுவதையே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ரைஃபிளின் ஸ்கோப்பை மாட்டாதீர்கள். பாரலாக்ஸ், அதாவது கண் நகர்ந்தால் குறியும் நகர்வது, அதில் வழக்கமாக 100 கஜத்தில் இல்லாதபடி அமைந்தது; கிட்டத்தில் கண் சற்று விலகினாலும் குறி விலகும். பின்னால் மரமோ மேடோ இல்லாமல் வெறும் வானம் தெரிந்தால் சுடவே கூடாது: இந்தச் சின்னக் குண்டு ஒரு மைல் தாண்டும்.

.17 எச்எம்ஆர் (இன்னும் வேகமான தோட்டா வகை) குழலும் மாற்றலாம்தான். ஆனால் அது அணிலின் உடம்பில் பட்டால் கறி மிஞ்சாது.